பெஞ்சில் காத்திருக்கும் விங்கருக்கு

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. கால்பந்து வீரன். வலப்பக்க ஓரமாக ஓடித் தாக்கும் விங்கர். எட்டு சீசன்களாக இரண்டாம், மூன்றாம் டிவிஷன்களில் நான்கு கிளப்புகளுக்கு ஆடியிருக்கிறேன். போன சீசனில் 34 ஆட்டங்களில் தொடக்கத்திலிருந்தே இறங்கினேன். 5 கோல் அடித்தேன், 7 கோலுக்குப் பந்து கொடுத்தேன். இந்த சீசனில் தொடையின் பின்தசை இரண்டு முறை கிழிந்தது. நான்கு ஆட்டங்களில்தான் தொடக்கத்தில் இடம் கிடைத்தது. வேறு பதினோரு ஆட்டங்களில் கடைசிப் பதினைந்து நிமிடம் மட்டும் இறக்கினார்கள். இன்னும் ஐந்து மாதத்தில் என் ஒப்பந்தம் முடிகிறது. கிளப் வாய் திறக்கவில்லை. ஒரு டிவிஷன் கீழே ஆடும் கிளப் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறது. சம்பளம் கொஞ்சம் குறைவு. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம். சீசன் நடுவே வீரர்களைப் பதிவு செய்யும் காலமும் அதோடு முடிகிறது. "பொறு, மேலே இருந்து அழைப்பு வரும்" என்கிறார் ஏஜென்ட். பயிற்சியாளரோ விங் பேக்காக, அதாவது அதே ஓரத்தில் தாக்குதலையும் தடுப்பையும் சேர்த்துப் பார்ப்பவராக, ஆடத் தயாரா என்று கேட்கிறார். என்னைப் பின்னால் தள்ளுவதுபோல் இருந்ததால் பதில் சொல்லாமல் நழுவிவிட்டேன். "27 வயதாகிறது, இனியும் இந்தப் பந்தை நம்பாதே" என்கிறார் அப்பா. நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் கோல் கணக்கு இருக்கிறது, ஆட்டக் கணக்கு இருக்கிறது, வயதுக் கணக்கும் இருக்கிறது. நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் இறங்கிய நான்கு ஆட்டங்களுக்கு எண்பது எண்பது நிமிடம் என்று வைத்தாலும், பதினோரு பதினைந்து நிமிடங்களையும் சேர்த்தால், இந்த சீசனில் நீங்கள் களத்தில் நின்றது ஐந்நூறு நிமிடத்தை எட்டவில்லை. போன சீசனில் ஏறக்குறைய மூவாயிரம் நிமிடம் ஆடியவர் நீங்கள். உங்களை வாட்டுவது வயது என்று நினைக்கிறீர்கள். எனக்கு இந்த ஐந்நூறுதான் உறுத்துகிறது.

ஏன் என்றால், இன்று கீழ் டிவிஷன்களில் வீரர் தேடுபவர்கள் மழையில் நனைந்தபடி மைதானத்துக்கு வந்து பார்ப்பதற்கு முன்பே, கணினியில் ஒரு சல்லடையைப் போட்டுவிடுகிறார்கள். இடம், வயது, ஒப்பந்தம் முடியும் தேதி, ஆடிய நிமிடம். இவற்றில் நிமிடத்துக்கு ஒரு கீழ் வரம்பு வைப்பது வழக்கம். பத்து முழு ஆட்டங்களுக்குச் சமமான 900 நிமிடம் என்பது பலர் கையாளும் அளவு. அதற்குக் கீழே இருப்பவரின் எண்களை நம்ப முடியாது என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் நன்றாக ஆடுகிறீர்களா என்ற கேள்விக்கே அவர்கள் வருவதில்லை. ஏஜென்ட் சொல்லும் அந்த "மேலே இருந்து வரும் அழைப்பு" இந்தச் சல்லடையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஆகவே என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ் டிவிஷன் கிளப்பின் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சீசன் முடியும்வரை காத்திராமல் இந்த மூன்று வாரத்துக்குள்ளேயே போய்ச் சேருங்கள். எந்த டிவிஷன் என்பதைவிட, வாரா வாரம் உங்கள் பெயர் முதல் பதினொருவரில் இருக்கிறதா என்பதே உங்கள் வயதில் ஒரு விங்கருக்கு முக்கியம்.

நான் பதினோரு ஆண்டுகள் கீழ் டிவிஷன்களில் உங்கள் இடத்திலேயே, வலப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடியவன். பிறகு இத்தனை ஆண்டுகளாக வீரர்களின் ஒப்பந்தங்களைப் படித்து ஆலோசனை சொல்வதையே தொழிலாக வைத்திருக்கிறேன். எனக்கு 28 வயதானபோது என் பயிற்சியாளர் ஃபுல் பேக் இடத்தில், அதாவது பின்களத்தின் ஓரத்தில், ஆடச் சொன்னார். நான் விங்கர் என்று சொல்லி மறுத்தேன். அதே மாதம் கீழே இருந்து வந்த ஒரு வாய்ப்பையும் மறுத்தேன். அந்த சீசனில் நான் ஆடியது ஒன்பதே ஆட்டங்கள். அடுத்த சீசனில் எனக்குக் கிளப்பே இல்லை. ஃபுல் பேக் இடத்தை ஏற்றுக்கொண்ட இன்னொரு விங்கர் என்னைவிட ஆறு ஆண்டுகள் கூடுதலாக ஆடினார். பறக்கிறதைப் பிடிக்கப் போய் இருக்கிறதையும் விட்ட அந்த வருடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

கீழிருந்து மேலே போனவர்களின் கதைகள் நீங்கள் உடை மாற்றும் அறையில் எல்லோரும் பேசுவதுதான். அவை உண்மைக் கதைகள். ஃபிராங்க் ரிபெரி 2003-04 சீசனில் பிரான்சின் மூன்றாம் டிவிஷனில் பிரெஸ்ட் கிளப்புக்கு ஆடினார். அதற்கு முன் ஆடிய கிளப் பண நெருக்கடியில் சிக்கியதால் அப்பாவோடு கட்டட வேலைக்குப் போனவர். 2006 ஜூலையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் வலப்பக்கம் ஓடினார். ரியாத் மஹ்ரெஸ் நான்காம் டிவிஷன் கிம்பேரில் தொடங்கி, லு ஆவ்ர் வழியாக, 2014 ஜனவரியில் அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் இருந்த லெஸ்டருக்குப் போனார். 2016இல் இங்கிலாந்து வீரர்கள் சங்கத்தின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஜாரட் போவன் ஹெர்ஃபோர்ட், ஹல் வழியாக வெஸ்ட் ஹாமுக்கு வந்து, 2023இல் ஐரோப்பியக் கோப்பை ஒன்றின் இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார்.

இந்த மூவரின் வயதையும் பாருங்கள். பிரெஸ்டில் ரிபெரிக்கு 20. லெஸ்டருக்குப் போனபோது மஹ்ரெஸுக்கு 22. வெஸ்ட் ஹாமுக்குப் போனபோது போவனுக்கு 23. வேகத்தை மட்டும் பார்த்து ஒரு விங்கரை வாங்கும் வயது அது. "இன்னும் வளர்வான்" என்ற நம்பிக்கைக்காகவும் சேர்த்துக் கிளப் பணம் கொடுக்கிறது. 27இல் அந்த நம்பிக்கையை யாரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். அவர்கள் கேட்பது வேறு: நீ என்ன செய்வாய், எத்தனை ஆட்டத்தில் செய்வாய், எத்தனை இடத்தில் செய்வாய். இதில் உங்களுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. மூவாயிரம் நிமிடம் ஆடிய ஒரு சீசன் உங்கள் பின்னால் இருக்கிறது. அதை இன்னொரு முறை செய்து காட்டினால், அது தற்செயல் இல்லை என்று படிப்பவர்களுக்குத் தெரியும்.

உங்களுக்குப் பொருந்தும் கதை மிக்கேல் ஆன்டோனியோவுடையது. லண்டனின் டூட்டிங் அண்ட் மிச்சம் என்ற சிறிய கிளப்பில் தொடங்கியவர். பல கிளப்புகளுக்கு இரவலாகப் போய் வந்தார். வெஸ்ட் ஹாமுக்கு வந்தபோது 25 வயது. விங்கராக வந்த அவரை ரைட் பேக்காக ஆட வைத்தார்கள், விங் பேக்காக ஆட வைத்தார்கள், கடைசியில் நடு முன்கள வீரராக்கினார்கள். 2021 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கில் அந்தக் கிளப்புக்காக அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தைப் பிடித்தார். கேட்ட இடத்திலெல்லாம் நின்றதால்தான் அவர் அணியில் தன் இடத்தை இழக்கவில்லை.

இதோடு விங் பேக் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த சொல் "நழுவிவிட்டேன்" என்பதுதான். பெஞ்சில் இருக்கும் வீரனிடம் பயிற்சியாளர் புது இடத்தில் ஆடத் தயாரா என்று கேட்டால், அவர் உங்களைத் தன் திட்டத்துக்குள் கொண்டுவர வழி தேடுகிறார் என்று பொருள். வேண்டாதவனிடம் பயிற்சியாளர் எதையும் கேட்பதில்லை.

2016-17 சீசனில் செல்சியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விக்டர் மோசஸ் அதற்கு முந்தைய மூன்று சீசன்களும் மூன்று வேறு கிளப்புகளுக்கு இரவலாக அனுப்பப்பட்ட விங்கர். 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றபின் பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே பின்களத்தில் மூவரை நிறுத்தும் அமைப்புக்கு மாறினார். வலப்பக்க விங் பேக் இடம் மோசஸுக்குப் போனது. தொடர்ந்து பதின்மூன்று லீக் ஆட்டங்களில் செல்சி வென்றது. சீசன் முடிவில் பட்டமும் வென்றது. ஆஷ்லி யங் வாட்ஃபோர்டில் விங்கராக வளர்ந்தவர். பின்களத்துக்கு மாறிய பிறகுதான் இன்டர் மிலானோடு 2021இல் இத்தாலி லீக் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு 35 வயது. விங்கராகவே இருந்திருந்தால் அந்த வயதில் அப்படி ஒரு கிளப் அவரைத் தேடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கீழ் டிவிஷனில் இதற்கு இன்னும் மதிப்பு அதிகம். அங்கே அணியின் வீரர் எண்ணிக்கை குறைவு, காயங்கள் அதிகம், ஆட்டங்கள் நெருக்கமாக வரும். வலப்பக்கம் முழுவதையும் ஒரே ஆள் பார்த்துக்கொள்வான் என்றால் கிளப்புக்கு ஒரு சம்பளம் மிச்சம். இது உயர்ந்த காரணம் இல்லைதான். ஆனால் ஒப்பந்தம் எழுதும் மேசையில் அதுவே பேசும்.

விங் பேக் ஆவதற்கு நீங்கள் கற்க வேண்டியது நிறைய. அதை மறைக்க மாட்டேன். விங்கருக்குப் பந்து வரும்போது முகம் முன்னே இருக்கும். விங் பேக்குக்குப் பாதி நேரம் முதுகுப் பக்கம்தான் ஆபத்து. எதிரணி உங்கள் அணியின் இடப்பக்கத்திலிருந்து கோல் முன்னே பந்தைத் தூக்கி கிராஸ் போடும்போது, தூரக் கோல் கம்பத்தின் பக்கம் உங்கள் தலைக்குப் பின்னால் ஓடிவரும் ஆளை நீங்கள்தான் பார்க்க வேண்டும். புதிதாக விங் பேக் ஆகும் விங்கர்கள் கோல் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் அங்கேதான். பந்தைப் பார்ப்பார்கள், ஆளை மறப்பார்கள். பயிற்சி முடிந்ததும் இளம் விங்கர் ஒருவரைப் பிடித்து, தினமும் பதினைந்து நிமிடம் இந்த ஒன்றை மட்டும் பழகுங்கள். ஒருவருக்கொருவர் மோதும்போது அவசரப்பட்டுக் காலை நீட்டாமல், உடலைச் சாய்வாக வைத்து, அவரைக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போவதையும் பழகுங்கள். இதில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விங்கரை எது எரிச்சலூட்டும், எந்தப் பின்கள வீரரைக் கண்டால் வயிறு கலங்கும் என்று எட்டு ஆண்டுகளாக உங்களுக்குத் தெரியும். அந்த வீரராக நீங்கள் மாற வேண்டும்.

தாக்குதலில் இழப்பதைவிடப் பெறுவது அதிகம் என்றே நினைக்கிறேன். விங்கராக நின்று பந்தை வாங்கும்போது எதிரே ஃபுல் பேக் ஒட்டி நிற்பார். விங் பேக்காகப் பின்னாலிருந்து ஓடி வரும்போது, பந்து வருவதற்குள் வேகம் பிடித்துவிட்டிருப்பீர்கள். உங்கள் 7 கோல் உதவிகளில் எத்தனை ஓடிக்கொண்டே கொடுத்தவை, எத்தனை கோல் கோட்டருகிலிருந்து பின்னோக்கி இழுத்துக் கொடுத்தவை, எத்தனை கார்னரிலிருந்து வந்தவை? காணொளியைப் போட்டுப் பாருங்கள். கார்னர், ஃப்ரீ கிக் நன்றாக எடுப்பவர் என்றால் அதை எந்த கிளப்போடு பேசும்போதும் முதல் வரியாகச் சொல்லுங்கள். கீழ் டிவிஷனில் பல ஆட்டங்கள் நின்ற பந்தில்தான் முடிவாகின்றன. அதை எடுக்கத் தெரிந்தவனை வெளியே உட்கார வைக்கப் பயிற்சியாளருக்கு மனம் வராது.

இனித் தசை. ஒரே சீசனில் இரண்டு முறை பின்தசை கிழிந்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

பின்தசை கிழிவது பெரும்பாலும் முழு வேகத்தில் ஓடும்போது, கால் முன்னே வீசப்பட்டு நிலத்தைத் தொடப்போகும் கணத்தில். அங்கே தசை நீண்டுகொண்டே காலைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் செய்கிறது. களத்தில் அடிக்கடி உச்ச வேகத்துக்குப் போகிறவர்கள் பக்கவாட்டு வீரர்கள். அதனால் இது நம் தொழில் நோய். ஐரோப்பிய உயர்மட்டக் கிளப்புகளைத் தொடர்ந்து கவனித்த, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் காய ஆய்வில், மொத்தக் காயங்களில் பின்தசைக் காயத்தின் பங்கு 2001-02 சீசனில் 12 சதவீதமாக இருந்து 2021-22 சீசனில் 24 சதவீதமாகியிருக்கிறது. அத்தனை மருத்துவர்கள் சூழ இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், ஒரே பிசியோதெரபிஸ்டை முழு அணியும் பகிர்ந்துகொள்ளும் கிளப்பில் உங்கள் தசைக்கு நீங்கள்தான் காவல்.

ஒரு முறை கிழிந்த தசை மறுபடி கிழியும் ஆபத்து அதிகம். அதுவும் களத்துக்குத் திரும்பிய முதல் சில வாரங்களில். வலி போய்விட்டது என்பதைத் தகுதி என்று நினைத்துவிடுகிறோம். முழு வேகத்தில் பல முறை ஓடிப் பார்க்காமல் ஆட்டத்துக்குத் திரும்பாதீர்கள். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடலை மெல்ல முன்னே சாய்க்கும் நார்டிக் பயிற்சியை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அதைத் திட்டத்தில் சேர்த்த அணிகளில் பின்தசைக் காயங்கள் பாதியளவுக்குக் குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சலிப்பான பயிற்சி, மறுநாள் தசை வலிக்கும். அதனால்தான் சீசன் நடுவில் எல்லோரும் கைவிடுகிறார்கள். நீங்கள் கைவிடாதீர்கள்.

இன்னொன்று, யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கிழிந்த பயத்தில் பயிற்சியில் முக்கால் வேகத்திலேயே ஓடிவிட்டு, ஆட்ட நாளில் மட்டும் முழு வேகத்தைக் கேட்கிறோம். தசைக்கு அது அதிர்ச்சி. மாற்று வீரருக்கு இது இன்னும் மோசம். எழுபத்தைந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்த ஐந்தாவது நிமிடத்தில் களைத்துப்போன ஃபுல் பேக்கைத் தாண்டி ஓடச் சொல்கிறார்கள். பெஞ்சில் இருக்கும்வரை, இடைவேளையிலும் அதன் பிறகும் ஒழுங்காக உடலைச் சூடேற்றி, படிப்படியாக வேகம் கூட்டும் நான்கைந்து ஓட்டங்களையாவது முடித்துவிட்டுக் களமிறங்குங்கள். ஆட்டம் முடிந்ததும், பிசியோவின் ஒப்புதலோடு, ஆடாமல் போன ஓட்டத்தை ஈடுகட்ட ஓடுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது திட்டமிட்டு உச்ச வேகத்தைத் தொடுங்கள். விங் பேக் இடத்தில் ஓட வேண்டிய தூரம் கூடும் என்பதால், அந்த மாற்றத்தை ஒரே வாரத்தில் செய்யாமல், எத்தனை நிமிடத்தில் தொடங்குவது என்று பிசியோவையும் பயிற்சியாளரையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஏஜென்டைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்தக் கிளப், யார் பேசினார்கள், எப்போது?" பெயரும் தேதியும் வந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். வராவிட்டால், அவர் காத்திருப்பது உங்கள் செலவில். அவரிடம் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிஃபா விதிப்படி வீரர் ஏஜென்டோடு செய்யும் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு மேல் போகக்கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வரி செல்லாது.

உங்கள் கையில் இருக்கும் உரிமைகளும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதத்துக்குள் இருக்கும் வீரர் வேறு கிளப்போடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். உங்களுக்கு ஐந்து மாதம்தான் மிச்சம். உங்களை அழைக்கும் கிளப், பேச்சைத் தொடங்கும் முன் உங்கள் கிளப்புக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதை அவர்கள் செய்தார்களா என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பணம் கொடுக்காமல் கிளப் மாறும் உரிமை ஐரோப்பாவில் பிறந்ததே கிளப்பில் சிக்கிய ஒரு வீரரால்தான். ஒப்பந்தம் முடிந்த ஜான் மார்க் போஸ்மனுக்குப் பெல்ஜியத்தின் லியேஜ் கிளப் நான்கில் ஒரு பங்குச் சம்பளம் தர முன்வந்தது. பிரான்சின் டன்கர்க் கிளப்புக்குப் போக விரும்பிய அவரை விடவும் இல்லை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அவர் திறந்துவிட்ட அந்தக் கதவைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

நீங்கள் உடனே போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஃபிஃபா விதி ஒரு சீசனில் இரண்டு கிளப்புகளுக்கு அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆட அனுமதிக்கிறது. நீங்கள் இதுவரை ஒன்றுக்குத்தான் ஆடியிருக்கிறீர்கள். உங்களை ஆடவைக்காத கிளப், மிச்ச ஐந்து மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியாவது மிஞ்சும் என்றால் விட்டுவிடக்கூடும், அல்லது இரவலாக அனுப்பக்கூடும். அப்படி நடந்தால் இந்த சீசனிலேயே இன்னும் ஆயிரத்துச் சொச்சம் நிமிடம் கிடைக்கும். அடுத்த சீசனுக்குத் தயாரான காலோடு போவீர்கள்.

ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது? அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, "ஆடினால் இவ்வளவு, கோல் அடித்தால் இவ்வளவு" என்று நிரப்பியிருந்தால் உங்கள் தசை வரலாற்றைக் கொண்டு உங்களைப் பயமுறுத்துகிறார்கள் என்று பொருள். அடிப்படையை உயர்த்தச் சொல்லுங்கள். காயப்பட்டால் முழுச் சம்பளம் எத்தனை மாதம், அறுவை சிகிச்சைச் செலவு யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அணி கீழே இறங்கினால் சம்பளம் குறையும் என்று ஒரு வரி இருக்கும். இருந்தால், மேலே ஏறினால் கூடும் என்ற வரியும் வேண்டும். மேல் டிவிஷன் கிளப் ஒன்று குறிப்பிட்ட தொகை கொடுத்தால் உங்களை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையைக் கேளுங்கள். கீழே இறங்குபவர் மேலே ஏற வைத்துக்கொள்ளும் ஏணி அதுதான். "மூன்றாம் ஆண்டு கிளப்பின் விருப்பம்" என்று இருந்தால், அது இருவரின் சம்மதத்தோடும், உயர்ந்த சம்பளத்தோடும் இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனை கையெழுத்துக்கு முன்பே முடியட்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பரிசோதனை முடிவைக் காட்டிச் செல்லாததாக்க ஃபிஃபா விதி இடம் தரவில்லை. இரண்டு முறை தசை கிழிந்ததை மறைக்காதீர்கள். நீங்களே சொல்லி, மீண்டு வந்த திட்டத்தையும் காட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, அந்தக் கிளப்பில் இப்போது ஆடும் இருவரிடமாவது சம்பளம் தேதி தவறாமல் வருகிறதா என்று கேளுங்கள். உலக வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016இல் 54 நாடுகளில் ஏறக்குறைய 14,000 வீரர்களிடம் எடுத்த கணக்கில், இரண்டு சீசன்களுக்குள் சம்பளம் தாமதமானதாகச் சொன்னவர்கள் 41 சதவீதம். இரண்டு மாதச் சம்பளம் நியாயமின்றி நின்றுபோனால், எழுத்தில் அறிவித்துப் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து, அப்போதும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறிக்க ஃபிஃபா விதியில் வழி இருக்கிறது. உங்கள் நாட்டின் கூட்டமைப்பு விதிகளும் கூட்டு ஒப்பந்தமும் இதில் சிறிது மாறலாம் என்பதால் உங்கள் வீரர் சங்கத்திடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் பந்தை வெறுக்கிறார் என்று நினைக்காதீர்கள். இரண்டு முறை நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த மகனைப் பார்த்தவர் அவர். அதே 2016 கணக்கில், மாதம் ஆயிரம் டாலருக்கும் குறைவாகச் சம்பாதிப்பதாகச் சொன்ன வீரர்கள் 45 சதவீதத்துக்கு மேல். அவருடைய பயம் ஆதாரம் இல்லாதது இல்லை. ஆட்டம் முடிந்தபின் என்ன என்ற அவர் கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லை என்பதுதான் உங்கள் இருவருக்கும் இடையில் நிற்பது.

அந்தப் பதிலை இப்போதே உண்டாக்கத் தொடங்கலாம். கீழ் டிவிஷன் வீரனின் பிற்பகல்கள் பெரும்பாலும் வெறுமையாகத்தான் கிடக்கும். அதில் வாரத்துக்கு இரண்டு எடுத்து, பயிற்சியாளருக்கான முதல் நிலைச் சான்றிதழைப் படியுங்கள், அல்லது பாதியில் விட்ட படிப்பை முடியுங்கள். கேரத் எயின்ஸ்வொர்த் என்ற விங்கர் பிரெஸ்டன், லிங்கன் என்று கீழ் டிவிஷன்களில் நெடுங்காலம் ஓடியவர். 40 வயதை நெருங்கும்வரை ஆடினார். 2012இல், இன்னும் வீரராக இருந்தபோதே, விக்கம் கிளப்பின் மேலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. 2014இல் அந்தக் கிளப் நான்காம் டிவிஷனிலிருந்தே வெளியேறும் நிலைக்குப் போய், கடைசி நாளில் தப்பியது. 2020இல் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. அவர் மேலாளர் ஆனது விளையாடி முடித்தபின் யோசித்து அல்ல என்பதை அப்பாவுக்குச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு கூடவே ஒரு படிப்பும் ஓடுகிறது என்றால் அவர் குரல் மாறும் என்று நம்புகிறேன்.

நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டீர்கள். போன சீசனில் 34 ஆட்டம் தொடங்கியவன் கால்பந்து வீரன்தான். அதில் ஏமாற்று ஏதும் இல்லை. ஏஜென்டின் "பொறு" என்ற சொல்லை நம்பி இன்னொரு ஐந்து மாதம் பெஞ்சில் உட்கார்ந்தால், அதை வேண்டுமானால் ஏமாற்று என்று சொல்லலாம்.

நாளைக் காலை, பயிற்சிக்கு முன், உங்கள் பயிற்சியாளர் அறைக்குப் போங்கள். அன்று பதில் சொல்லாததற்கு வருத்தம் தெரிவியுங்கள். "விங் பேக் ஆடக் கற்கிறேன். அடுத்த ஆறு ஆட்டங்களில் எத்தனையில் என்னைத் தொடக்கத்தில் இறக்குவீர்கள்? கிளப் எனக்குப் புது ஒப்பந்தம் தரப் போகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். எண்ணும் தேதியும் சொன்னால் எனக்கு எழுதுங்கள், மறுபடி யோசிப்போம். "பார்க்கலாம்" என்றால் அன்று மாலையே கீழ் டிவிஷன் கிளப்பின் பயிற்சியாளரைக் கூப்பிட்டு, அவர் அணி எந்த அமைப்பில் ஆடுகிறது, வலப்பக்கத்தில் உங்களை எங்கே நிறுத்துவார், இப்போது அங்கே ஆடுபவர் யார், அவர் என்ன ஆவார் என்று நான்கு கேள்வி கேளுங்கள். ஒப்பந்த வரைவு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், கையெழுத்திடும் பக்கத்தை மட்டும் அனுப்பாமல் எல்லாப் பக்கங்களையும்.